ஆட்டத்துக்குப் பெயர் வைத்தவர்கள்

'பெல்லி டான்ஸ்' என்பதற்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைபெறவில்லை. 'வயிற்று நடனம்' என்று சிலர் எழுதுகிறார்கள். படித்தவுடன் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. 'தொப்புள் நடனம்' என்றால் பழைய சினிமாப் பத்திரிகையின் நடுப்பக்க வாசனை அடிக்கிறது. 'இடையாட்டம்' என்று எழுதிப் பார்க்கலாம். சங்கப் பாடலுக்கு யாரோ எழுதிய பொழிப்புரை போல இருக்கிறது. ஆகவே நம் நகரங்களின் நடனப் பள்ளி விளம்பரங்கள் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

இதைத் தமிழின் போதாமை என்று நான் கருதவில்லை. மூலப் பெயரே கோணலானது. ஓர் ஆட்டத்தை அதை ஆடுகிறவளின் உடலுறுப்பைச் சொல்லி அழைக்கும்போது, பார்த்தவனின் கண் எங்கே நின்றது என்பதைத்தான் அந்தப் பெயர் பதிவு செய்கிறது. ஆடியவள் என்ன செய்தாள், எதைக் கற்றாள், தன் ஆட்டத்தைத் தானே என்னவென்று சொன்னாள் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. இந்தக் கோணல் பெயரின் கதையைத் தொடர்ந்து சென்றால், சற்றும் எதிர்பாராத வகையில் நம் சதிரின் கதைக்கே வந்து சேர்கிறோம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

எகிப்தியரிடமிருந்து தொடங்கலாம். அரபு மொழியில் இந்த ஆட்டத்துக்கு வயிற்றோடு தொடர்பான பெயர் எதுவும் வழக்கில் இல்லை. 'ரக்ஸ்' என்றால் ஆட்டம். நாட்டுப்புறத்து ஆட்டம் 'ரக்ஸ் பலதி'. 'பலத்' என்பது ஊர், நாடு. மண்ணின் ஆட்டம், நம்மூர் ஆட்டம் என்று பெயர்க்கலாம். மேடையில் ஆடப்படுவது 'ரக்ஸ் ஷர்க்கி', அதாவது கிழக்கத்திய ஆட்டம். இந்த இரண்டாவது பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. கெய்ரோவில் இருப்பவர் தம்மைத் தாமே 'கிழக்கத்தியர்' என்று ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்? மேற்கே இருப்பவனுக்குத்தான் அது கிழக்கு. பிரெஞ்சுக்காரர்கள் 'கீழை நடனம்' என்று சொன்னதன் அரபு வடிவமாகவே ஆய்வாளர் பலர் இதைக் காண்கின்றனர். ஆக, மரியாதைக்குரிய பெயரும் வெளியிலிருந்து வந்து சேர்ந்ததே.

ஆட்டத்தைவிட ஆடியவர்களின் பெயர்கள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் இரு பிரிவினர் இருந்தனர். தெருவிலும் சந்தையிலும் வீட்டு முற்றத்திலும் கூலிக்கு ஆடியவர்கள் 'கவாஸி'. செல்வர் வீட்டு அந்தப்புரங்களில் பெண்களுக்காகப் பாடியவர்கள் 'அவாலிம்', ஒருமையில் 'ஆலிமா'. நம் ஊர் முஸ்லிம்கள் மார்க்க அறிஞரை 'ஆலிம்' என்று சொல்கிறார்கள் அல்லவா, அதே சொல்லின் பெண்பால் வடிவம் இது. கற்றவள், அறிந்தவள் என்று பொருள். கவிதையும் இசையும் அறிந்தவள் என்பதால் வந்த பெயர். இவ்விரு பிரிவினரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று 1836-இல் எகிப்தியரின் வழக்கங்களைப் பற்றி நூல் எழுதிய எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர் எடுத்துச் சொன்னார். ஆனால் ஐரோப்பியப் பயணிகளின் வாயில் அந்த வேறுபாடு தங்கவில்லை. 'கற்றவள்' என்ற சொல் சில பத்தாண்டுகளில் பிரெஞ்சில் 'ஆட்டக்காரி' என்றும், பிறகு அதைவிடக் கீழான பொருளிலும் வழங்கலாயிற்று.

1834-இல் எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி பாஷா பொது இடங்களில் ஆடும் பெண்களைக் கெய்ரோவிலிருந்து வெளியேற்றி, நைல் நதியின் மேற்பகுதி ஊர்களான எஸ்னா, கெனா, அஸ்வான் பக்கம் அனுப்பினார். ஆட்டம் நிற்கவில்லை. அவர்கள் இடத்தில் பெண்ணுடை தரித்த ஆண்கள் ஆடினார்கள். அவர்களுக்கு அன்று இருந்த தொழிற்பெயர் இன்று எகிப்தியப் பேச்சுவழக்கில் ஆண்மையைப் பழிக்கும் வசைச்சொல். நாடு கடத்தப்பட்ட பெண்களில் ஒருத்தியை 1850-இல் எஸ்னாவில் குஸ்தாவ் ஃப்ளோபேர் சந்தித்தார். அவள் ஆட்டத்தைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளும் கடிதங்களும் உலக இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டன. அவளுடைய பெயர் மட்டும் இடம்பெறவில்லை. 'குச்சுக் ஹானெம்' என்று நாம் படிப்பது பெயரன்று. துருக்கியில் 'சின்ன அம்மா', 'சின்னச் சீமாட்டி' என்பது போன்ற ஒரு விளி. அவள் அம்மாவும் அப்பாவும் வைத்த பெயரை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1863-இல் ழான் லெயோன் ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் 'ஆலிமாவின் நடனம்' என்ற படத்தை வரைந்தார். தலைப்பில் கற்றவள், படத்தில் படைவீரர்கள் நடுவே வயிறு தெரிய நிற்கும் ஒருத்தி. பாரிஸில் அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு பெயர் 'வயிற்று நடனம்'. நாம் மொழிபெயர்க்கத் திணறும் சொல்லின் பிறப்பிடம் பாரிஸின் கலைக்கூடம். கெய்ரோவின் தெருவுக்கு அதில் பங்கில்லை.

*

அதே பாரிஸ் அதற்கு முன்பே நம்மவர்களுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தது. நடனமாடும் பெண்ணைப் போர்த்துக்கீசியர் 'பைலதெய்ரா' என்றனர். பிரெஞ்சுக்காரர் நாவில் அது 'பாயதேர்' ஆயிற்று. 1830-இல் பாரிஸ் ஆபெராவில் 'கடவுளும் பாயதேரும்' என்ற இசைநாடகம் அரங்கேறியது. அதைப் பார்த்துப் பழகிய பாரிஸுக்கு, எட்டு ஆண்டுகள் கழித்து 1838-இல், கடலூரை அடுத்த திருவயிந்திபுரத்திலிருந்து ஒரு குழு வந்து சேர்ந்தது. தில்லையம்மாள், அம்மணி உள்ளிட்ட பெண்களும் சிறுமியருமாக ஐவர், இசைக்கலைஞர் மூவர். ஒரு பிரெஞ்சு முகவர் ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போயிருந்தார். பாரிஸிலும் லண்டனிலும் ஆடினார்கள். கவிஞர் தெயோஃபில் கோத்தியே அம்மணியின் அழகில் மயங்கி எழுதினார். கொங்குநாட்டில் வீட்டுப் பெண்பிள்ளையை வாய் நிறைய அழைக்கும் 'அம்மணி' என்ற சொல், அங்கே ஒரு கீழை நாட்டு மாயக்காரியின் பெயராகத் தோற்றம் கொண்டது.

எதிரே நிற்கும் பெண்களைக் காட்டிலும் ஆபெராவில் பார்த்த பாயதேர்தான் பாரிஸின் மனத்தில் நிலைத்தாள். 1877-இல் ரஷ்யாவில் அரங்கேறிய 'லா பாயதேர்' என்ற பாலே நாடகம் இன்றும் உலக மேடைகளில் ஆடப்படுகிறது. அதில் சதிரின் ஓர் அடவுகூட இல்லை. கோவை, திருப்பூர்த் துணி வணிகர்களுக்கு இன்னொரு தகவலும் சுவையாக இருக்கலாம். 'பாயதேர்' என்பது ஐரோப்பியத் துணிக்கடைகளில் குறுக்குக் கோடு போட்ட துணிக்கும் பெயராயிற்று. ஒரு சொல்லிலிருந்து ஆடியவள் முற்றிலும் உதிர்ந்துபோய் அவள் மேல் இருந்த துணி மட்டும் மிஞ்சியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

*

சரி, நம் மொழியில் இந்த ஆட்டங்களுக்கு என்ன பெயர் இருந்தது? சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலின் பட்டியலைச் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டும். அல்லியம், கொடுகொட்டி, குடை, குடம், பாண்டரங்கம், மல், துடி, கடையம், பேடு, மரக்கால், பாவை. இவற்றில் கருவியால் பெற்ற பெயர் உண்டு, கையில் ஏந்திய குடையாலும் குடத்தாலும் பெற்ற பெயர் உண்டு, ஏற்ற வேடத்தால் பெற்ற பெயர் உண்டு. ஆடுகிறவளின் உடலுறுப்பால் பெயர் பெற்ற ஆடல் ஒன்றுகூட இல்லை. ஆடி முடித்த மாதவிக்கு மன்னன் அளித்தவை தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும். 'தலைக்கோலி' என்ற பட்டம் பின்னாளில் சோழர் கல்வெட்டுகளிலும் ஆடல் மகளிர் பெயர்களோடு வருகிறது.

அந்தக் கல்வெட்டுகளில் பெரியது தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசன் ஆட்சியின் இறுதியாண்டான 1014-ஐ ஒட்டி வெட்டப்பட்டது. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்ட ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு, அவள் பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் கல்லில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வரும் பங்கு ஒதுக்கப்பட்டது. ஃப்ளோபேர் என்னும் மாபெரும் எழுத்தாளரால் ஒருத்தியின் பெயரை எழுத முடியவில்லை. சோழர் கல்தச்சன் நானூறு பேரை எழுதினான். அரசனின் பெருமைக்காகத்தான் எழுதினான் என்பதையும், அந்தப் பெண்களுக்கு அங்கு வரச் சம்மதமா என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டியதில்லை. ஆயினும் பெயர் இருக்கிறது.

தேவரடியார், பதியிலார், உருத்திரகணிகையர், எம்பெருமானடியார், மாணிக்கத்தார் என்று கல்வெட்டுகளும் இலக்கியமும் இவர்களைப் பலவாறு சொல்கின்றன. 'அடியார்' என்பது நாயன்மாருக்கும் ஆழ்வாருக்கும் உரிய சொல். தேவரடியார் என்றால் இறைவனுக்கு அடியவர். இந்தச் சொல்லின் பேச்சு வடிவம் இன்று என்னவாக இருக்கிறது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எந்தப் பேருந்து நிலையத்தில் நின்றாலும் கால்மணி நேரத்தில் காதில் விழும். கற்றவள் என்ற அரபுச் சொல்லுக்கு ஐரோப்பாவில் நேர்ந்தது, அடியவள் என்ற தமிழ்ச் சொல்லுக்குத் தமிழர் வாயிலேயே நேர்ந்தது. வகுப்பில் கல்வெட்டுப் பாடம் நடத்தும்போது இந்தச் சொல் வரும் இடத்தில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பைக் கண்டித்துப் பயனில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லித்தர வேண்டும். 'கூத்தன்' என்றால் சிவபெருமான். பேரூர்க் கனகசபையில் ஆடுகிறவனும் அவனே. 'கூத்தாடி' என்றால் வசை. ஒரே வேர்ச்சொல் ஆடுபவரைப் பொறுத்துக் கடவுளாகவும் இழிவாகவும் ஆகிறது.

தஞ்சை மராட்டியர் காலத்துக்குப் பிறகு இந்த ஆட்டம் பெரும்பாலும் 'சதிர்' என்று வழங்கியது. அவையைக் குறிக்கும் மராட்டிய வழிச் சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. அழகு, திறமை என்ற பொருளில் 'சதிர்' என்னும் சொல் பழந்தமிழிலேயே உண்டு என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நாகசுரக் குழு பெரியமேளம் என்பதால் ஆடல் குழு 'சின்னமேளம்'. ஆங்கிலேயர் வட இந்தியாவின் 'நாச்' என்ற சொல்லை எடுத்து 'நாட்ச்' என்று எல்லா ஆட்டத்துக்கும் பொதுப்பெயர் ஆக்கினர். சதிர், சின்னமேளம் என்பவை கலையின் பெயர்கள். 'தாசியாட்டம்' என்ற பெயர் வந்தபோது கலை பின்னே போய், ஆடியவளின் நிலை முன்னே வந்தது.

*

1893-ஆம் ஆண்டை இந்தக் கதையின் நடுப்புள்ளி எனலாம். அந்த ஆண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. விவேகானந்தர் உரையாற்றிய சர்வசமயப் பேரவை அதன் ஒரு பகுதி என்பதால் நமக்கு அந்தக் கண்காட்சியைத் தெரியும். அதே கண்காட்சியின் கேளிக்கைப் பகுதியில் 'கெய்ரோ தெரு' என்ற அமைப்பில் வட ஆப்பிரிக்க, அரபுப் பெண்கள் ஆடினார்கள். அந்தப் பகுதியின் பொறுப்பாளரான சோல் புளூம், பிரெஞ்சுப் பெயரை ஆங்கிலத்தில் 'பெல்லி டான்ஸ்' என்று ஆக்கிக் கூட்டம் சேர்த்தது தாமே என்று பின்னாளில் பெருமையுடன் எழுதினார். ஒழுக்கக் காவலரான ஆன்டனி காம்ஸ்டாக் வந்து பார்த்துவிட்டு, ஆட்டத்தை மூட வேண்டும் என்றார். கூட்டம் இன்னும் கூடியது. 'குட்டி எகிப்து' என்ற பெயரை அதன்பின் அமெரிக்காவில் பல பெண்கள் தமக்குச் சூட்டிக்கொண்டு ஆடினர்.

அதே 1893-இல் சென்னையில் சமூக சீர்திருத்தச் சங்கத்தினர் வைசிராய்க்கும் ஆளுநருக்கும் ஒரு விண்ணப்பம் அனுப்பினர். 'நாட்ச்' நிகழ்ச்சிகளுக்கு அவர்கள் போகக் கூடாது, அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை வைக்கக் கூடாது என்பது வேண்டுகோள். ஒரே ஆண்டில் உலகின் இரு மூலைகளில், இரு வேறு ஆட்டங்கள், வெளியார் வைத்த பெயரின் கீழ் குற்றவாளிக் கூண்டில் நின்றன. ஒரு நாட்டில் அந்தப் பெயர் விளம்பரம் ஆயிற்று; இன்னொரு நாட்டில் குற்றச்சாட்டு ஆயிற்று. இரண்டு இடத்திலும் ஆடியவர்களைக் கேட்டு யாரும் பெயர் வைக்கவில்லை.

சீர்திருத்தக்காரர்களைக் குறை சொல்வது இன்று எளிது. அந்த எளிமைக்கு நான் இடங்கொடுக்க விரும்பவில்லை. சிறுமிகளைப் பொட்டுக்கட்டி, அவர்கள் வாழ்வைப் பெரிய மனிதர்களின் விருப்பத்துக்கு விட்ட முறை ஒழிய வேண்டியதே. அதை எதிர்த்துச் சட்டமன்றத்தில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் அந்த மரபில் வந்தவர். அதே மரபின் வலியை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் நாவலே எழுதினார். அதன் தலைப்பில் 'தாசிகள்' என்ற சொல்லையே வைத்தார். மறுபுறம், 1927-ஐ ஒட்டிச் சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கம் அமைத்து அரசுக்கு மனு அனுப்பினர். எங்களை விலைமாதர் என்ற சொல்லோடு சேர்க்காதீர்கள் என்பது அதன் சாரம். தம் பெயரின் பொருளைத் தாமே சொல்ல வேண்டும் என்று ஆடியவர்கள் கேட்ட இடம் அது. அந்தக் குரல் எடுபடவில்லை.

எடுபட்டது இன்னொரு வழி. 1931-இல் சென்னை மியூசிக் அகாதெமி திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்களை மேடையேற்றியது. வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யர் சதிருக்காக வாதாடினார். தாமே பெண் வேடமிட்டு ஆடியும் காட்டினார். 1932-இன் இறுதியில் அவருக்கும் முத்துலட்சுமி ரெட்டிக்கும் பத்திரிகைகளில் கடும் வாதம் நடந்தது. அதையடுத்து 'பரதநாட்டியம்' என்ற பெயர் முன்வைக்கப்பட்டு நிலைபெற்றது. பரதம் என்ற சொல் புதிதன்று; பரத சாத்திரம் என்ற வழக்கு முன்பே உண்டு. சதிர், சின்னமேளம், தாசியாட்டம் ஆகிய மூன்றையும் துடைத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டதுதான் புதிது. பாவம், ராகம், தாளம் என்று அதற்குச் சொல்விளக்கமும் வந்தது. 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்ரா தோன்றியது. அவருக்குக் கற்பித்தவர்கள் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் மயிலாப்பூர் கௌரி அம்மாளும். இருவரும் பழைய பெயரின் மனிதர்கள்.

1947-இல் வந்த சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடுத்ததோடு, கோயில் வளாகத்திலும் தெய்வ ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் சட்டவிரோதமாக்கியது. போகம், கலாவந்துலு, சானி, நாகவாசுலு, தேவதாசி என்று சாதிப் பெயர்களின் வரிசையே அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இவற்றில் கலாவந்துலு என்ற தெலுங்குச் சொல்லுக்குக் கலை உடையவர்கள் என்று பொருள். 1981-இல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கியது. 34 ஆண்டுகளில் கோயிலுக்குள் பெண்ணின் ஆட்டம் திரும்பி வந்துவிட்டது. புதிய பெயரில், பெரும்பாலும் புதிய குடும்பங்களின் பெண்களோடு. பெயர் கலையைக் கரைசேர்த்தது. கலையை வைத்திருந்தவர்களில் பலர் அந்தப் படகில் ஏறவில்லை. வீணை தனம்மாள் மரபின் பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலரே தம் தகுதியால் அந்த எல்லையைக் கடந்தனர். 1973-இல் மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி அளித்தபோது, அந்தப் பட்டம் பெற்ற முதல் நடனக் கலைஞர் அவரே.

*

கொங்குநாட்டுக்கு வருவோம். தஞ்சையைப் போலப் பெரும் சதிர் மரபு நமக்கு இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் இசைத்தட்டு யுகத்தின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் நம் ஊர்ப் பெயரைத் தாங்கியவர். 'கோயமுத்தூர் தாயி' என்று தட்டுகளில் அச்சான அவருடைய இயற்பெயர் பழனிக்குஞ்சரம். 1872-இல் பிறந்தவர், தேவதாசி மரபில் ஆடலும் பாடலும் கற்றுச் சென்னைக்குச் சென்றவர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவர் குரல் நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகளில் பதிவாயிற்று. அவற்றிலொன்றைக் கேட்ட மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அதை ஒட்டி 'ராகமாலிகா' என்ற பாடலை அமைத்தார். 1917-இல் தாயி மறைந்தார். ஆடும் உடலைப் பார்த்த பாரிஸ் 'பாயதேர்' என்றது. உடலின்றிக் குரல் மட்டும் தட்டில் ஏறிச் சென்றபோது அதே பாரிஸ் அதை இசையென்று கேட்டது. இதைத் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை.

பிறகு சினிமா வந்தது. 1944-இல் வெளிவந்து மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' நம் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான படம். அதில் தஞ்சை இசைக் குடும்பத்தில் வந்த டி.ஆர். ராஜகுமாரி ஏற்றது தாசி ரம்பாவின் வேடம். நாட்டை ஆட்டிவைத்த அந்த ஆட்டம் 'நடனம்' எனப்பட்டது. கதையில் அவள் பெயர் 'தாசி'. பின்னாளில் பத்மினி 'நாட்டியப் பேரொளி'. ஜோதிலட்சுமியின் ஆட்டம் 'கவர்ச்சி நடனம்'. 1980-இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரான 'சில்க்', விஜயலட்சுமி என்ற பெண்ணின் மேல் 1996-இல் அவர் மறையும் வரை, மறைந்த பின்னும், ஒட்டிக்கொண்டது. குச்சுக் ஹானெம்தான் மறுபடியும்.

தமிழில் ஒரு படிவரிசை இருக்கிறது. ஊரில் நடந்தால் ஆட்டம். திரையில் நடந்தால் நடனம். சபாவில் நடந்தால் நாட்டியம். தமிழ்ச்சொல் கீழ்ப்படியிலும் வடசொல் மேல்படியிலும் நிற்கின்றன. 'ஆட்டக்காரி' என்றால் பழி, 'நாட்டியத் தாரகை' என்றால் பட்டம். கரகாட்டத்திலும் சாமிக்குச் சுமப்பது சக்திக் கரகம், கூலிக்கு ஆடுவது ஆட்டக் கரகம். கொங்குப் பகுதியில் மாரியம்மன் நோம்பிக்கு வரும் 'ரெக்கார்டு டான்ஸ்' இந்த வரிசையின் கடைசிப் படி. தாயியின் குரலுக்கு மதிப்புத் தேடித் தந்த அதே 'ரெக்கார்டு' என்ற சொல், இங்கே இளக்காரமாக ஒலிக்கிறது. தட்டு போய், கேசட் போய், விரல்நீளக் கருவியில் பாட்டு வந்த பிறகும் பெயர் மாறவில்லை. பின்னர் 'ஆடல் பாடல்' என்ற நல்ல தமிழ்ப் பெயர் வந்தது. அதையும் நாம் விட்டுவைக்கவில்லை. காவல் நிலைய அனுமதி, நீதிமன்ற நிபந்தனைகள், ஆபாசத் தடை ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லிச் சொல்லி அதுவும் கறைபட்டுவிட்டது.

இதே மண்ணில் வள்ளி கும்மியும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த பத்திரப்பனுக்கு, வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆண்கள் ஆடிவந்த அந்தக் கலையைப் பெண்களுக்குக் கற்றுத்தந்தவர் அவர். இன்று ஊருக்கு ஊர் பெண்கள் ஒரே நிறச் சேலையில் திரளாக ஆடுகிறார்கள். பெற்றோர் பெருமையோடு கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். அங்கும் இடை அசைகிறது, கால் குதிக்கிறது, வியர்வை வழிகிறது. ஆனால் யாரும் முகம் சுளிப்பதில்லை. காரணம் வெளிப்படை. ஆடுகிறவள் நம் வீட்டு அம்மணி. பார்க்கிறவர் அவள் சித்தப்பா. கூலி கிடையாது.

எகிப்திலும் இதே நிலைதான். கல்யாண வீட்டில் எல்லாப் பெண்களும் ஆடுவார்கள்; அது மகிழ்ச்சி. அதே அசைவைக் கூலி வாங்கிக்கொண்டு அந்நியர் முன் ஆடினால் அவள் 'ரக்காஸா'. 'ஆட்டக்காரியின் மகன்' என்பது அங்கே கெட்ட வசை. நமக்கு இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். நேரான சொல் கைவசம் இருக்கிறது. தஹியா கரியோக்கா என்ற பெரும் கலைஞர், படவ்வியா என்ற தம் பெயரை விட்டு ஒரு பிரேசில் நடனத்தின் பெயரைப் பூண்டு புகழ்பெற்றார். அவரைப் பற்றி எட்வர்ட் சைத் 1990-இல் எழுதிய அருமையான கட்டுரையின் தலைப்பிலும் 'பெல்லி டான்ஸர்' என்ற சொல்தான் இருந்தது. கீழை நாடுகளுக்கு மேற்கு வைத்த பெயர்களைக் கட்டுடைத்தவருக்கே அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை.

எகிப்தியர் ஆட்டத்தின் பெயரைக் கழுவ முடியாமல் ஆட்டத்தோடு வாழ்கிறார்கள். நாம் கழுவினோம், கழுவிய நீர் யார் மேல் விழுந்தது என்று பார்க்கவில்லை. ஆட்டத்திலிருந்து நீங்கிய அழுக்கு 'தேவரடியார்' என்ற சொல்லில் போய்த் தங்கியது. அங்கிருந்து இன்று 'ரெக்கார்டு டான்ஸ்காரி'யின் மேல் படிகிறது. இழிவு எந்த அசைவிலும் இருந்ததில்லை. பிழைப்புக்காக ஆடும் பெண்ணுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பெயரையும் நாமே வைக்கும் பழக்கத்தில் இருக்கிறது. நோம்பி முடிந்து விடிகாலையில் சிற்றுந்தில் ஏறி அடுத்த ஊருக்குப் போகும் அந்தப் பெண்களிடம், உங்கள் ஆட்டத்துக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் என்று நம் கொடையாளர்களோ ஆய்வாளர்களோ கேட்டதில்லை. 'பெல்லி டான்ஸ்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுவதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.